ஐந்தரைக் கட்டை

என்னிடம் இரண்டு வயலின்கள் இருக்கின்றன. ஒன்று ஆண்கள் பாடும் கச்சேரிக்கு, மற்றது பெண்கள் பாடும் கச்சேரிக்கு. பக்கவாத்தியக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி. மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆண் குரல் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, மிஞ்சினால் இரண்டு கட்டையில் நிற்கும். பெண் குரலுக்கு ஐந்து, ஐந்தரை, சிலருக்கு ஆறு. ஹார்மோனியத்தின் முதல் வெள்ளைக் கட்டையிலிருந்து எண்ணி வரும் கணக்கு இது. ஒன்றரைக் கட்டைக்குத் தளர்த்திக் கட்டிய தந்தியைக் கச்சேரிக்கு அரை மணி முன்னால் ஐந்தரைக்கு ஏற்றினால் தந்தி அறும். அறாமல் தப்பினாலும் சுருதி நிற்காது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் பிருடையைத் திருகிக்கொண்டிருக்க வேண்டும். அதனால்தான் இரண்டு வயலின்.

மிருதங்கத்தின் பாடு இன்னும் கஷ்டம். கல்லால் தட்டி வலந்தலையின் சுருதியைக் கொஞ்சம் ஏற்றலாம், கொஞ்சம் இறக்கலாம். அதற்கு மேல் தோல் கேட்காது. ஆண் குரலுக்கு நீளமான தக்கு சுருதி மிருதங்கம், பெண் குரலுக்குக் குட்டையான ஹெச்சு சுருதி மிருதங்கம். இரண்டும் வேறு வேறு பலாக்கட்டையில் கடைந்தவை. சின்ன ஊர்க் கச்சேரிகளில் மிருதங்கக்காரர் தன்னிடம் இருக்கிற தக்கு மிருதங்கத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார். பாடுகிறவர் பெண் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், அல்லது சொல்லியும் அவர் பொருட்படுத்தியிருக்க மாட்டார். சுருதியோடு சேராத அந்த நாதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பெண் இரண்டு மணி நேரம் பாடி முடிப்பாள். கச்சேரி முடிந்ததும் நாலு பேர் வந்து, "இன்னைக்குக் குரல் ஒத்துழைக்கலியோ?" என்று அவளிடம்தான் கேட்பார்கள்.

பெண் கலைஞர்களை ஆதரிப்போம் என்று மேடையில் யாராவது பேசினால் எனக்கு உடனே நினைவு வருவது அந்த ஹெச்சு சுருதி மிருதங்கம்தான். அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டீர்களா, அப்புறம் பொன்னாடையைப் பற்றிப் பேசலாம்.

நான் பிறந்தது தக்கலையில், பத்மநாபபுரம் அரண்மனைக்கு நடந்து போகும் தூரத்தில். எங்கள் ஊரில் சங்கீதம் வருஷத்துக்கு ஒருமுறை வீட்டு வாசல் வழியாகப் போகும். நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் யானை மேல் புறப்படுவாள். வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் கூட வருவார்கள். அரண்மனையில் உடைவாள் கைமாறும். ஊர்வலம் குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று நடந்தே திருவனந்தபுரம் கோட்டைக்குப் போய்ச் சேரும். அந்தச் சரஸ்வதி கம்பர் வழிபட்ட விக்கிரகம் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகு விழாவும் அங்கே போனது. 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்து நடுவில் மாநில எல்லை வந்த பிறகும் அம்மன் போவது நிற்கவில்லை. வழிநெடுகப் பெண்கள் வாசலில் விளக்கேற்றி, தட்டில் பூவும் பழமும் கர்ப்பூரமும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். "கும்பிட்டுக்கோ மக்களே, பாட்டு நல்லா வரும்" என்பாள் என் பாட்டி.

அந்த அம்மன் போய் அமரும் இடம் கோட்டைக்ககத்தில், குதிரமாளிகையை ஒட்டிய நவராத்திரி மண்டபம். அங்கே ஒன்பது நாளும் மாலை ஆறு மணிக்குக் கச்சேரி. சுவாதித் திருநாள் இயற்றிய ஒன்பது நவராத்திரிக் கிருதிகளில் நாளுக்கு ஒன்று பிரதானமாகப் பாடப்படும். முதல் நாள் சங்கராபரணம், அடுத்து கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. முன்னதாக முல்லமூடு பாகவதர்கள் தோடயமங்கலம் பாடுவார்கள். கச்சேரி முடிந்தாலும் யாரும் கை தட்டக் கூடாது. வாசிப்பது அம்மனுக்கு.

நான் வளர்ந்த காலத்தில் அந்த மண்டபத்தில் பெண்கள் பாட இடமிருக்கவில்லை. உள்ளே உட்கார்ந்து கேட்கவும் இடமிருக்கவில்லை. தைக்காட்டில் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நானும் என் தோழிகளும் வெளியே நின்று கேட்டிருக்கிறோம். வகுப்பில் அதே ஒன்பது கிருதிகளும் எங்களுக்குப் பாடம். தேர்வில் தோடியும் பைரவியும் வாசித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அந்தப் பாட்டுகள் யாருக்காக இயற்றப்பட்டனவோ அந்த அம்மன் எங்கள் ஊர்க்காரி. அவள் முன்னால் வாசிக்க மட்டும் வழியிருக்கவில்லை. அப்போது அதை யாரும் கேள்வியாகக்கூடக் கேட்டதில்லை என்பதுதான் இன்று எனக்கு வலிக்கிறது.

அந்தக் கல்லூரியின் கதையிலேயே இதற்கு ஒரு பதில் இருந்தது. 1939-இல் சங்கீத அகாடமியாகத் தொடங்கிய அதற்கு ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர்தான் முதல் முதல்வர். பிறகு செம்மங்குடி சீனிவாச ஐயர். அங்கே சேர்ந்த முதல் பெண் பாறசாலை பொன்னம்மாள். 1924-இல் பிறந்தவர். கானப்ரவீணா பட்டத்தை முதல் இடத்தில் வாங்கினார். முத்தையா பாகவதரிடமும் செம்மங்குடியிடமும் பாபநாசம் சிவனிடமும் கற்றவர். காட்டன் ஹில் பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்து, அதே இசைக் கல்லூரியின் முதல் பெண் ஆசிரியரானார். பிறகு திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல் பெண் முதல்வர். நெய்யாற்றின்கரை வாசுதேவன் அவரிடம் படித்தவர். சிஷ்யர்கள் மேடையில் பேர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். குரு மட்டும் பெரிய மேடைகளுக்கு வெளியேதான் இருந்தார்.

2006 செப்டம்பர் 23 அன்று அவர் நவராத்திரி மண்டபத்தில் பாடினார். அரச குடும்பத்தைச் சேர்ந்தவரும் பாடகருமான ராம வர்மாவின் முயற்சி அது. அப்போது பொன்னம்மாளுக்கு எண்பத்தொரு வயது முடிந்து எண்பத்திரண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் நாள், ஆகவே சங்கராபரணம். பத்திரிகைகள் முந்நூறு வருஷ வழக்கம் மாறியது என்று எழுதின. எனக்கு அன்று மனதில் தங்கியது காலப்பிரமாணம். எண்பது வயதுக் குரல் அவசரப்படவே இல்லை. விளம்பத்தில் எடுத்த கிருதி கடைசி வரை அதே நடையில் நின்றது. கமகம் ஒவ்வொன்றும் அதற்குரிய இடத்தில் முழுதாக விழுந்தது. பக்கத்தில் வாசிப்பவரின் காதுதான் இதை முதலில் கவனிக்கும்: வில்லை எவ்வளவு நீளமாக இழுக்கலாம், எங்கே விட வேண்டும் என்பதைப் பாடுகிறவரின் மூச்சு சொல்லிவிடும். அந்த மூச்சில் பயம் இல்லை. அந்த மண்டபத்துக்கு அவரது பாட்டு முன்பே தயாராக இருந்தது. மண்டபம்தான் தயாராக அறுபது வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் சென்னை சபாக்கள் அவரைத் தேடி வந்தன. 2017-இல் பத்மஸ்ரீ. 2021 ஜூனில் தொண்ணூற்றாறு வயதில் மறைந்தார். எண்பது வயதுக்கு மேல் ஒருவருக்குக் கிடைத்த புகழைக் கொண்டாடலாம். ஆனால் நாற்பதிலும் ஐம்பதிலும் அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும் என்று கேட்க எங்கள் தலைமுறைக்குக் கொடுத்துவைக்கவில்லை. இந்த இழப்பை எந்த விருதும் ஈடுகட்டாது என்றே நினைக்கிறேன்.

மண்டபத்தின் கதவு திறந்தது பெரிய காரியம். ஆனால் அங்கே வருஷத்துக்கு ஒன்பது கச்சேரிகள்தான். திருவனந்தபுரத்தில் பாடத் தெரிந்த, ஆடத் தெரிந்த, வாசிக்கத் தெரிந்த ஆயிரக்கணக்கான சாதாரணப் பெண்களுக்கு மேடை எங்கே என்றால், ஆற்றுக்காலில். மாசி மாதம் ஆற்றுக்கால் பகவதி கோயிலில் பத்து நாள் திருவிழா. ஒன்பதாம் நாள் பொங்காலை. நகரத்தின் தெருக்களில் எல்லாம் மூன்று செங்கல் கூட்டி, மண்பானை வைத்துப் பெண்கள் பொங்கலிடும் அந்தக் காட்சியை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். 1997-இல் பதினைந்து லட்சம், 2009-இல் இருபத்தைந்து லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் புத்தகம் பதிந்தது. தொலைக்காட்சியில் வராதது, அந்தப் பத்து நாளும் அம்பா, அம்பிகா, அம்பாலிகா என்ற மூன்று மேடைகளில் நடப்பது. பஜனை, பரதநாட்டியம், மோகினியாட்டம், வீணை, வாய்ப்பாட்டு, கைகொட்டிக்களி. மணிக்கணக்கில் நேரம் பிரித்துக் கொடுப்பார்கள். ஒரு குழு இறங்கும்போதே அடுத்த குழு ஏறும்.

தமிழர்களுக்கு இந்தக் கோயில் வேறு விதத்திலும் நெருக்கம். ஆற்றுக்கால் அம்மன் கண்ணகி என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. மதுரையை எரித்துவிட்டுச் சேர நாட்டுக்கு வந்தவள் கிள்ளியாற்றங்கரையில் தங்கினாளாம். திருவிழா நாட்களில் பச்சைப்பந்தலில் தோற்றம்பாட்டுக்காரர்கள் அவள் கதையை நாளுக்கொரு பகுதியாகப் பாடுவார்கள். பாண்டியன் வதம் பாடி முடிந்ததும்தான் பொங்காலை அடுப்பில் தீ மூட்டப்படும். அந்தப் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்கும்போது, பக்கத்து மேடையில் நான் வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பேன். இளங்கோவடிகளை நினைக்காமல் இருக்க முடியாது. கண்ணகி கதையைச் சொன்ன அதே சிலப்பதிகாரத்தில்தான் மாதவியின் அரங்கேற்றமும் இருக்கிறது. ஐந்து வயதில் தொடங்கி ஏழு வருஷம் பயின்ற பெண் அவள். அவளுக்காக அரங்கம் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளந்து கட்டப்பட்டது. ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று பக்கத்தில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்கிறார். முடிவில் அரசன் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் கொடுக்கிறான். மேடை, பக்கவாத்தியம், ஊதியம் மூன்றும் அந்தக் காதையில் இருக்கின்றன. மேடையில் ஏறுகிற பெண்ணுக்கு இவை வேண்டும் என்று இளங்கோவுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துக் கொடுத்த விழா நான் போன இடங்களில் அபூர்வம்.

ஆற்றுக்கால் மேடைகளில் எனக்கு மிகவும் பிடித்தது திருவாதிரைக் குழுக்கள். முண்டும் நேரியதும் உடுத்து, தலையில் மல்லிகை வைத்து, நிலவிளக்கைச் சுற்றி வட்டமாக ஆடும் பெண்கள். இவர்களில் அங்கன்வாடி டீச்சர் இருப்பார், குடும்பஸ்ரீ சமையற்கூடத்தில் வேலை செய்பவர் இருப்பார், பேரன் எடுத்தவரும் இருப்பார். அவர்கள் பாடும் திருவாதிரைப் பாட்டுகளைத் தந்தவர்களில் ஒருவர் இதே ஊர்க்காரி: குட்டிக்குஞ்ஞு தங்கச்சி, 1820-இல் பிறந்தவர், இரயிம்மன் தம்பியின் மகள். ஆட்டக்கதை எழுதிய முதல் பெண் அவர்தான். தகப்பனாரின் தாலாட்டு கேரளம் முழுக்கத் தெரியும். மகளின் பேரைச் சொன்னால் பாடுகிறவர்களே, "அது யார் சேச்சி?" என்கிறார்கள். ஓவியத்திலும் இதே கதைதான். ரவிவர்மாவைத் தெரியாதவர் இல்லை. அண்ணனின் உருவப்படத்தையே வரைந்த தங்கை மங்களாபாய் தம்புராட்டி கிளிமானூரில் வாழ்ந்த ஓவியர் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

இப்போது பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். கோயில் மேடையில் பாடுவது வழிபாடு, அதற்குச் சன்மானம் எதிர்பார்ப்பதில்லை என்பது பாடுகிறவளின் மனசு. அதை நான் மதிக்கிறேன். நானும் அப்படி வாசித்திருக்கிறேன். ஆனால் மிருதங்கம், கடம், வயலின் வாசிப்பவர்களுக்கு யார் கொடுப்பது? பாடுகிற பெண்தான் தன் கைக்காசிலிருந்து கொடுக்கிறாள். கோயிலுக்கு வெளியே நடக்கும் விழாக்களிலும் பல இடங்களில் இதுதான் நடைமுறை. மகளிர் தினத்துக்கு ஒரு அமைப்பு என்னையும் இன்னும் சிலரையும் அழைத்தது. முழங்கும் பேச்சுகள், பூங்கொத்து, நினைவுப் பரிசு. மிருதங்கம் வாசித்த பையனுக்கு மட்டும் கவர் வந்தது, அவன் "தொழில்முறைக் கலைஞன்" என்று. எங்கள் வாசிப்பு அவர்கள் கணக்கில் பங்களிப்பு. அன்று இரவு பத்தரை மணிக்குத் தம்பானூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னோடு பாடிய பெண் சொன்னாள்: "அக்கா, பூவெல்லாம் வேண்டாம், ஒரு ஆட்டோ பிடிச்சுக் குடுத்திருந்தா போதும்."

அந்த வார்த்தையில் இருந்துதான் எங்கள் சின்ன விழா பிறந்தது. கரமனையிலும் மணக்காட்டிலும் வஞ்சியூரிலும் இருக்கும் பாட்டு டீச்சர்கள், வீணை வாசிப்பவர்கள், நடனம் சொல்லிக்கொடுப்பவர்கள், சுவர்ச்சித்திரம் வரையும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தோம். ஆளுக்கு மாதம் ஒரு தொகை, சீட்டுப் பிடிப்பது போல. அதை ஒருவர் எடுத்துக்கொள்வதில்லை. வருஷத்துக்கு ஒரு நாள், பொங்காலைக்குச் சில வாரங்கள் முன்னால், வாடகைக்கு எடுத்த ஒரு கல்யாண மண்டபத்தில் செலவழிக்கிறோம். ஸ்பான்சர் பலகை கிடையாது. தலைமை உரையும் கிடையாது.

முதலில் முடிவு செய்தது, பாடுகிறவளும் பக்கத்தில் வாசிக்கிறவளும் தம்புரா போடுகிறவளும் வாங்கும் தொகை ஒன்றாக இருக்க வேண்டும் என்பது. இதற்குச் சண்டை நடந்தது. பிரதானப் பாடகிக்கு அதிகம் கொடுப்பதுதான் வழக்கம் என்றார்கள் சிலர். வழக்கத்தை மாற்றத்தானே கூடினோம் என்று பதில் வந்தது. அடுத்தது நேரம். எந்த விழாவிலும் மாலை ஆறரை மணி பேர் பெற்றவர்களுக்குப் போகும். காலை பத்து மணி வெயிலில், நாற்காலிகள் காலியாகக் கிடக்கும்போது வீட்டுப் பெண்கள் பாடுவார்கள். எங்கள் விழாவில் ஆறரை மணி, இடையில் பல வருஷம் பாடாமல் இருந்து திரும்பி வந்தவர்களுக்கு. பெயரெடுத்தவர்கள் காலையில் பாடுகிறார்கள். மனதாரப் பாடுகிறார்கள், அவர்களைக் கேட்கக் காலையிலேயே கூட்டம் வருகிறது. மண்டபத்தில் மணமகள் அறையைக் குழந்தைகளுக்கு ஒதுக்கிவிடுகிறோம். அங்கே ஒருவர் முறைவைத்து இருப்பார். பால் கொடுத்துவிட்டு வந்து ராகம் பாடின பெண்ணும் உண்டு. இரவு எட்டரைக்கு நிகழ்ச்சி முடிய வேண்டும். பிறகு தெரிந்த ஆட்டோக்காரர்கள் அவரவரை வீட்டில் விட்டு வருவார்கள். அந்தக் கூலி விழாச் செலவில் சேரும். மூன்று மிருதங்கம், மூன்றும் ஹெச்சு சுருதி: ஐந்து, ஐந்தரை, ஆறு. இவற்றில் ஒன்று எங்கள் சொந்தம். மற்றவை கடன் வாங்குவது.

திரும்பி வந்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தையல் வேலை செய்பவர், ஐம்பது கடந்தவர். கல்யாணத்துக்கு முன்னால் நன்றாகப் பாடியவர். மாமியார் வீட்டில் பாட்டுக்கு இடமில்லாமல் போனது. அப்புறம் குழந்தைகள், கணவரின் நோய். எங்கள் மேடைக்கு வந்தபோது சாதகம் விட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கரமனையில் வாழ்ந்த நீலகண்ட சிவனின் பூர்விகல்யாணிக் கீர்த்தனை ஒன்றை எடுத்துக்கொண்டார். ஒத்திகையில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். மத்தியஸ்தாயியில் குரல் வெண்ணெயாக இருந்தது. மேல் ஷட்ஜமம் நெருங்கும்போது கழுத்து நரம்பு புடைத்தது. அங்கே பயந்து சீக்கிரம் இறங்கிவிடுவார்.

பக்கவாத்தியம் பின்தொடர வேண்டும் என்பதுதான் நாங்கள் படித்த பாடம். பாடுகிறவரின் பிரயோகம் வந்த பிறகு வில் அசைய வேண்டும். ஆனால் திரும்பி வருகிற குரலுக்கு வாசிப்பது வேறு விதம். அவர் மேல் ஷட்ஜமத்தை நோக்கி ஏறத் தொடங்கும்போது நான் ஒரு நொடி முன்னால் போய் அந்த ஸ்வரத்தை மெல்லிசாகப் பிடித்து நிறுத்துவேன். சபைக்குக் கேட்க வேண்டியதில்லை, அவர் காதுக்குக் கேட்டால் போதும். அங்கே ஒரு தரை இருக்கிறது என்று தெரிந்தால் கால் வைப்பார். ராகம் பாடும்போது என் முறை வந்தால் சுருக்கமாக வாசித்து நிறுத்துவேன். நீட்டினால் அவருக்குத் தன் பாட்டு சின்னதாகத் தோன்றும். மூச்சு போதாமல் ஒரு சொல்லின் கடைசி தேய்ந்தால் அந்த ஸ்வரத்தை நான் முடித்துவிடுவேன். மிருதங்கம் வாசித்த பெண்ணிடம் சொல்லி வைத்திருந்தேன்: சரணத்தில் அரைக் கணம் தாமதித்தால் நீ தாளத்தைத் தள்ளாதே, காத்திரு. அன்று ஆறரை மணிக்கு அவர் சரணத்தில் மேல் ஷட்ஜமத்தில் நின்றார். இரண்டாம் முறை என் உதவி தேவைப்படவில்லை. நானும் வில்லை எடுத்துவிட்டேன்.

மிருதங்கம் வாசித்த பெண் என்று சொன்னேன். தாளவாத்தியத்தில் பெண்கள் வருவதற்குப் பட்ட பாடு பெரிது. பெரிய மிருதங்க வித்வான்கள் பெண்கள் பாட்டுக்கு வாசிக்கவே மறுத்த காலம் ஒன்று இருந்தது. பாலக்காடு மணி ஐயர் வெகுகாலம் கழித்துத்தான் டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். கடத்தில் சுகன்யா ராம்கோபால் மேடை பிடித்ததே ஒரு போராட்டம். பெண்களே நடத்தும் தாளவாத்தியக் குழு ஒன்றை 1995-இல் பெங்களூரில் அவர் தொடங்கினார். எங்கள் ஊரில் இப்போது மிருதங்கம் பழகும் பெண் குழந்தைகள் நிறைய இருக்கிறார்கள். பள்ளிக் கலோத்சவத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. 1957-இல் எர்ணாகுளத்தில் தொடங்கிய அந்த விழா 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்தது. என் மாணவிகளும் மேடை ஏறினார்கள். ஏ கிரேடு வாங்கிய பெண்கள் கண்ணீரோடு கட்டிப்பிடித்துக்கொள்வதைப் பார்த்தால் இந்த நாட்டில் கலைக்குக் குறைவே வராது என்று தோன்றும்.

பத்து வருஷம் கழித்து அந்தப் பெண்கள் எங்கே? நான் கணக்கெடுத்ததில்லை, ஆனால் டீச்சராக எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் நிறுத்துவார்கள், பிளஸ் டூவில் மீதியில் பாதி. கல்லூரி முடித்துக் கல்யாணமானதும் வயலின் பெட்டி அலமாரிக்கு மேலே போகும். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு மேடை கொடுக்க இந்த ஊர் ஆவலோடு நிற்கிறது. முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு மேடை கொடுக்க ஆளில்லை. ஆனால் சங்கீதம் பழுக்கிற வயது முப்பத்தைந்துதான். இதை ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் சொல்கிறேன். மருமகனாக வரப்போகிறவர்களிடமும் சொல்ல வேண்டும், அவர்கள் அந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை.

போன வருஷம் அப்படிப் போன ஒருத்தி திரும்பி வந்தாள். கலோத்சவத்தில் வயலினில் ஏ கிரேடு வாங்கியவள், இப்போது வங்கியில் வேலை, இரண்டு குழந்தைகள். வாசலில் நின்று, "டீச்சர், விரல் எல்லாம் மறந்துபோச்சு" என்றாள். மறக்காது. இடது கை விரல்நுனியில் இருந்த தழும்பு மறைந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு மாதம் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் வாசித்தால் தோல் மறுபடி தடிக்கும். தந்தியைப் புதிதாக மாற்றி, குதிரையைச் சரிபார்த்து, ஐந்தரைக்குச் சேர்த்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுகிறாள்.

வரும் மாசிக்கு அவளைத்தான் ஆறரை மணிக் கச்சேரிக்கு வயலினுக்குப் போட்டிருக்கிறோம். பாடப்போகிறவர் நெடுமங்காட்டில் ரேஷன் கடை நடத்தும் ஒரு சேச்சி. அவருக்கு ஆறு கட்டை. எங்கள் சொந்த மிருதங்கம் ஐந்தரைக்குத்தான் நிற்கும், ஆறு கட்டை மிருதங்கத்தைப் போன வருஷம் கடன் கொடுத்தவர் ஊர் மாறிவிட்டார். நாகர்கோவிலில் ஒரு மிருதங்கம் செய்பவரிடம் சொல்லியிருக்கிறேன். முன்பணம் கொடுத்தாயிற்று. கொல்லத்தில் கடம் வாசிக்கும் பெண் ஒருத்தி இருப்பதாகக் கேள்வி, விலாசம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.